தவிட்டுக்கு வாங்கிய மகள்

எங்கள் தெருவில் என் மகளை மட்டும் யாரும் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொன்னது கிடையாது. சொல்ல விட்டதில்லை நான்.

மற்ற வீடுகளில் அது தினப்படி வேடிக்கை. பிள்ளை அடம் பிடித்தால், சோற்றைக் கொட்டினால், பக்கத்து வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றால், பெற்றவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "நீ இன்னா நான் பெத்ததா? ஒரு மொறம் தவிடு குடுத்து உன்ன வாங்கினேன்." பிள்ளை உதட்டைப் பிதுக்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அழுகை வந்துவிட்டால் சொன்னவளே தூக்கி முத்தம் கொடுப்பாள். ஆம்பூரில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை என்று என் மகள் ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு தடவை, அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது, பால்காரி ஒருத்தி கன்னத்தைக் கிள்ளி, "ஏண்டி கறுப்பி, உன்னத் தவிட்டுக்குத்தான வாங்கினாங்க?" என்று கேட்டுவிட்டாள். நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். அவள் ஊற்றிய பாலை அவள் காலடியிலேயே கொட்டி, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று கத்தினேன். பாவம், வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஆறு மாதம் அடுத்த தெருவுக்கு நடந்துபோய்ப் பால் வாங்கினேன். "அவ ஒரு மாதிரி" என்று தெருவில் பேர் வந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு மாதிரியானவள் வீட்டுப் பக்கம் யாரும் விளையாட்டுப் பேச்சுக்கு வர மாட்டார்கள் அல்லவா?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகளை நான் நிஜமாகவே ஒரு முறம் தவிட்டுக்குத்தான் வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். நான் அதே ஷாப்பின் பின்பக்கம் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஆவாரம்பட்டை இடித்தேன். தோல் பதமாவதற்கு அந்தப் பட்டை வேண்டும். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் உரித்து, கட்டுக் கட்டாக மாட்டு வண்டியில் கொண்டுவருவார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. விஷக்காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன வருஷத்தில் மூன்றாவது போனது. அதே காய்ச்சலில், பட்டை கொண்டுவரும் ஒருத்தியின் புருஷனும் போய்விட்டான். அப்போது அவள் மாசமாக இருந்தாள். ஏற்கெனவே மூன்று பெண்கள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பட்டைக் கட்டுகளுக்கு நடுவே அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினாள்.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இத நீ வெச்சுக்கிறியா?"

உலக்கையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "சும்மா குடுத்தா உங்கையில நிக்காது. ஒரு மொறம் தவிடு குடு" என்றாள்.

அது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில், பெற்ற பிள்ளையையே இன்னொருத்தி கையில் கொடுத்துத் தவிடு போட்டுத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்தது ஒன்றுக்கும் ஆகாதது என்று எண்ணி எமன் விட்டுவிடுவானாம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த நிமிஷமே மனதில் ஒரு முள் தைத்தது. இவள் ஏன் விலை கேட்கிறாள்? நாளைக்கு வந்து, இந்தா உன் தவிடு, எடு என் பிள்ளையை என்று நிற்பதற்கா? வீட்டுக்கு ஓடித் தவிடு எடுத்துவந்து, முறத்தில் குவித்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து நான் பட்டை இடிக்கப் போகவில்லை. இருந்த வீட்டைக் காலி செய்து, ஊரின் இன்னொரு கோடியில், எங்களைத் தெரியாத ஜனங்கள் நடுவே குடியேறினோம். அப்போதும் நிம்மதி இல்லை. வீட்டுக்காரரை நச்சரித்து வேலூருக்குக் கூட்டிப்போய் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தேன்.

"தத்து எழுதணும் சாமி."

"ஆம்பளப் புள்ளயா?"

"பொண்ணு."

எழுத எடுத்த பேனாவை மூடினார். "பொண்ணுக்கெல்லாம் சட்டத்துல தத்து கெடையாதும்மா. சும்மா வளத்துக்க."

சும்மா வளர்த்துக்கொள்ள வேண்டுமாம்! ஆட்டுக்குட்டி வாங்கினால்கூட நாலு பேர் சாட்சி சொல்வார்கள். என் கையில் ஒரு காகிதம் கிடையாது, ஒரு கைநாட்டு கிடையாது. யாராவது வந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், தடுக்க என்னிடம் இருந்தது என் வாய் ஒன்றுதான். அதை நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு யாரைத்தான் நான் சந்தேகப்படவில்லை! பள்ளிக்கூடத்து டீச்சர் பிறந்த தேதி கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்று இரண்டு நாள் யோசிப்பேன். வளையல்காரன், "பொண்ணுக்கு உங்க கை இல்லையே, நீளமா இருக்குதே" என்றால் அன்றோடு அவனுக்கு என் வீட்டில் வியாபாரம் முடிந்தது. சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரியை, அவர்கள் சித்திக்குச் சொல்வதுபோல, என் மகள் சாச்சி என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் விட்டால் பாதி நேரம் அங்கேதான். ஒரு நாள் அந்த வீட்டுக்காரி சாதாரணமாக, "இவ உன் ஜாடையும் இல்ல, அவரு ஜாடையும் இல்ல" என்றாள். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அவளுக்கு என்ன தெரியும், யார் சொல்லித் தெரியும், இதே நினைப்பு எனக்கு.

எல்லாரையும்விடப் பெரிய பயம் அந்தப் பட்டைக்காரிதான். என் தலையெழுத்து, பட்டை வண்டிகள் ஷாப்புக்குப் போகும் வழியிலேயே புது வீடு அமைந்துவிட்டது. கட்டுகளுக்கு மேலே உட்கார்ந்து வருவாள். எங்கள் வீட்டை நெருங்கியதும் கழுத்து இந்தப் பக்கம் திரும்பும். எப்படியோ இடத்தைத் தெரிந்துகொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவேன். ஜன்னல் இடுக்கு வழியாக அவள் முகத்தைப் பார்ப்பேன். சிரிக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போவாள். சமயம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"ஏம்மா பட்டை வண்டி வந்தா கதவ சாத்தற?" என்று மகள் ஒரு முறை கேட்டாள்.

"தூசிடி."

"செங்கல் வண்டி வந்தா சாத்த மாட்டேங்கறியே?"

அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் உள்ளவர்கள் மேலெல்லாம் கண் வைத்திருந்தேன். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றவே இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது சர்க்காரில் தலைக்கணக்கு எடுத்தார்கள். நோட்டும் பென்சிலுமாக ஒருவர் காலையில் வந்து வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார்தானாம், இந்த வேலையும் பார்க்கிறார். வீட்டுக்காரர் பேர், வயது, தொழில் எல்லாம் எழுதினார். பிறகு மகளைப் பார்த்து, "பொண்ணு எந்த ஊர்ல பொறந்தது?" என்றார்.

எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. என்னிடமும் அதைத்தான் கேட்டிருந்தார், நானும் சொல்லியிருந்தேன். ஆனால் மகளைக் காட்டிக் கேட்டதும் அவளை என் பின்னால் இழுத்துக்கொண்டேன். யார் சொல்லி அனுப்பினார்கள் இவரை?

"எங்க பொறந்தா உங்களுக்கு இன்னா? நா பெத்த பொண்ணு! பின்ன, தவிட்டுக்கா வாங்கினேன்?"

பால்காரிக்குப் பிறகு யார் வாயிலிருந்தும் வரவிடாமல் காத்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்துவிட்டது. வந்தவர் சிரித்தார். வேடிக்கை பார்த்த பெண்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆம்பூர்தான், ஆம்பூர்னு எழுதுங்க" என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன நெஜமாவே தவிட்டுக்கு வாங்கினியா?"

"யாருடி சொன்னது?"

"சொல்லு."

"யாரு சொன்னது உனக்கு? பக்கத்து ஊட்டுக்காரியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முறத்தைத் தள்ளிவிட்டு நேரே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, என் பிள்ளையிடம் இதைச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது, நாங்கள் எடுத்து வளர்ப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் கையில் ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

"அரே, எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? இப்ப நீ சொல்லித்தான் தெரியுது."

என் வாயைத் தீட்டி வைத்ததாகச் சொன்னேன் அல்லவா, அது கடைசியில் வெட்டியது என்னைத்தான். பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள்.

"சாச்சி ஒண்ணும் சொல்லல. யாருமே சொல்லல. நீதான் சொன்ன."

"நா எப்படி சொன்னேன்?"

"எல்லார் ஊட்லயும் அத சொல்லிட்டு சிரிப்பாங்க. நீ நேத்து சொல்லிட்டு திருடினவ மாதிரி முழிச்ச. என்ன மட்டும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டேங்கறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா யோசனைதான்."

நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னிடம் பேசாமல் மகளிடம் பேசினாள்.

"நானும் குடுத்த புள்ளதான். என் பெரியம்மா வளத்தாங்க. எங்கள்ல மறைக்கறதில்ல, பெத்த வாப்பா பேரத்தான் சொல்லணும். நா நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"அழுதியா சாச்சி?"

"சண்ட போட்ட அன்னிக்கெல்லாம் அழுவேன். இவங்க என்ன பெத்தவங்களா, அதான் அடிக்கறாங்கன்னு. அப்புறம் பாத்தா பெத்த புள்ளைங்கள அதவிட ஜாஸ்தி அடிச்சாங்க."

"இப்பவும் அழுவியா?"

"ரம்ஜான் அன்னிக்குக் கொஞ்சம்."

அவர்கள் குடிவந்த எட்டு வருஷமாக ஒரே சுவர் எங்களுக்கு. இவளுக்கு என் ரகசியம் தெரியுமோ என்று கவலைப்பட்ட நேரத்தில், இவள் யார், எப்படி வளர்ந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். அன்றைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்துதான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், வண்டி, துணிச் சுற்று, தவிடு எல்லாம். அணைக்கட்டுப் பக்கம் என்று ஊரையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் என் மகள் என்னிடம் சாப்பாடு, தண்ணீர் தவிர எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சாச்சி வீடுதான். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் ஓயாது. என்னிடம் கேட்காத கேள்வியையெல்லாம் அங்கே கேட்கிறாள் என்று எனக்கு வயிறெரிந்தது. வெட்கத்தை விட்டு அந்த வீட்டுக்காரியிடமே போய், "இன்னா கேக்கறா உங்கிட்ட?" என்றேன்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "உங்கிட்ட கேட்டா நீ அழுவ. நீ அழுதா அவ கேக்கறத நிறுத்திடுவா. நா அழ மாட்டேன். அதுக்கு ஒரு ஆளு வேணும்ல? பேஜார் பண்ணாம போ."

கோபம் வந்தது. நியாயம் என்றும் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகள் தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், "நைனா, நா அவங்கள பாக்கணும்." என் கையில் இருந்த கரண்டி நின்றது. அவர் சுண்ணாம்பில் வெந்த தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கூட்டிட்டுப் போய் வா" என்று என்னிடம் சொன்னார். காகிதம் இல்லையே, அங்கே பிடித்து வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "வெச்சுக்கறவளா இருந்தா இவ்ளோ நாளு வண்டில உக்காந்து பாத்துட்டுப் போவாளா?" என்றார். அவர் யாரையும் நம்புகிற ஜாதி. வீட்டில் ஒருத்தர் அப்படி இருந்தால் இன்னொருத்தர் என்னைப் போல்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை போய், அங்கிருந்து அணைக்கட்டுப் பக்கம் போகும் ஒரு வண்டியில் ஏறினோம். வழி நெடுக மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வியர்வையில் நழுவியது, விடவில்லை.

விசாரித்துப் போனபோது பட்டைக்காரி வெட்ட வெளியில் உட்கார்ந்து ஆவாரங் கொம்புகளைக் கட்டையால் தட்டிப் பட்டை கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் பெண்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். மூத்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டாளாம். எங்களைப் பார்த்ததும் கட்டையை விட்டுவிட்டு எழுந்தாள். கும்பிடவில்லை, வா என்று சொல்லவில்லை.

"இன்னாக்கா, திருப்பிக் குடுக்க வந்தியா?"

நான் மகள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"தவிட்டத் திருப்பிக் கேட்டா எங்கிட்ட இல்லக்கா. அன்னிக்கே வெல்லம்கூட இல்லாம உருட்டி இதுங்களுக்குக் குடுத்துட்டேன். ரெண்டு நாளு அதத்தான் தின்னுச்சுங்க."

அவள் பிள்ளையைக் கேட்டு வருவாள் என்று நான் பன்னிரண்டு வருஷம் பயந்தேன். நான் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடுவேன் என்று அவள் பன்னிரண்டு வருஷம் பயந்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க வரவில்லை, பெண்தான் பார்க்க வேண்டும் என்றாள் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அதற்குப் பிறகுதான் அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒவ்வொரு தபாவும் உன் ஊட்டப் பாப்பேன். கதவு சாத்தியே கெடக்கும். இதுவும் செத்துப்போச்சோ, அதான் என் மூஞ்சிய பாக்க மாட்டேங்கறியோன்னு நெனச்சுக்குவேன்."

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்டது உண்டென்றால் அது அந்த இடத்தில்தான். ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும். அவளுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை நான்.

மகள் என் கையை உதறிவிட்டு முன்னால் போனாள். "என்ன மட்டும் ஏன் குடுத்த? இவங்களக் குடுக்கலியே?"

பெற்றவள் யோசிக்கவே இல்லை. "இதுங்க கூழு குடிக்கும். நீ இன்னா குடிப்ப? எனக்குப் பால் வத்திப்போச்சு."

அக்காக்களில் சின்னவள் நுங்கு சீவிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஒரே மாதிரி விரலை விட்டு நோண்டித் தின்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே நீள விரல். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாளாக என் மகள் என் வீட்டில் சிரிக்கவில்லை. பெற்றவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது அவள் மகளைத் தொடவில்லை. பட்டைச் சாறு கறை படிந்த கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, கடைசிவரை துடைத்துக்கொண்டேதான் நின்றாள். இனி வண்டி வரும்போது வீட்டுக்குள் வந்துவிட்டுப் போக வேண்டும் என்று சொன்னேன். நானா அதைச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிகொண்டாவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். நல்ல வெயில். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"அங்கியே இருந்துடலாம்னு தோணிச்சாடி உனக்கு?"

"கொஞ்ச நேரம் தோணிச்சு" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் இப்படிச் சொன்னதை எப்படித் தாங்குவது? குடிக்கத் தண்ணீர் வாங்கி வருகிறேன், இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு நடந்தேன். தண்ணீர் வாங்கப் போகவில்லை. சாலையோரம் ஒரு வைக்கோல் வண்டி நின்றது. அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு அவளையே பார்த்தேன். நாங்கள் வந்த பாதை அவளுக்கு நேர் எதிரே இருந்தது. போகிறவளாக இருந்தால் இப்போது போகட்டும். என் கண்ணால் பார்த்துவிடுகிறேன். அவள் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். அவள் குனிந்து செருப்பில் சிக்கிய கல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டாள்.

"அம்மா, வண்டிக்காரரு மாடு பூட்டறாரு. வண்டி போய்ட்டா நீ நிக்கறது எல்லாருக்கும் தெரியும். வந்துடு. நா எங்கியும் போவல."